உயிருள்ள செல்லை லேசர் ஒளியால் பிடித்து விசையை அளப்பது எப்படி

ஒரு செல்லை ஒளியால் பிடித்து நிறுத்துவது இன்று பெரிய வித்தை இல்லை. நல்ல அப்ஜெக்டிவும் (மாதிரியை ஒட்டியிருக்கும் நுண்ணோக்கி லென்ஸ்) ஒழுங்காக நேர்செய்த லேசரும் இருந்தால் முதல் நாளிலேயே ஓர் ஈஸ்ட் செல் வந்து மாட்டிக்கொள்ளும். பாடெல்லாம் அதற்குப் பிறகுதான். பிடித்த செல் உயிரோடு, தன் இயல்போடு இருக்கிறதா? கணினியில் பதிவாகும் விசை எண்ணை நம்பலாமா? கருவியைக் கோப்பதிலிருந்து கடைசி அளவீடு வரை எடுக்கும் முடிவுகள் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும்.

இந்தக் கருவியை ஒளி இடுக்கி என்கிறோம். லேசர் ஒளி நுண்மணிகளைத் தள்ளவும் பிடிக்கவும் முடியும் என்று ஆர்தர் ஆஷ்கின் 1970-இல் காட்டினார். ஒரே கற்றையைக் குவித்துப் பிடிக்கும் முறை 1986-இல் வந்தது. மறு ஆண்டே பாக்டீரியாவைப் பிடித்தார்கள். பச்சை நிற ஆர்கான் லேசரில் பாக்டீரியா செத்துப்போயின. 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசருக்கு மாறியதும் பிடிக்குள்ளேயே பெருகின. ஆஷ்கினுக்கு 2018-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. செல்லோடு வேலை செய்பவர்கள் மறக்கக் கூடாத செய்தி அந்த நிற மாற்றம்தான்.

விசை எவ்வளவு

ஒளிக்கு உந்தம் உண்டு. நீரைவிட ஒளிவிலகல் எண் கூடிய ஒரு மணிக்குள் ஒளி வளைந்து போகும்போது அதன் உந்தம் திசை மாறுகிறது. அந்த மாற்றத்துக்கு ஈடான எதிர்விசை மணியின்மேல் விழுகிறது. கற்றை செறிந்திருக்கும் பக்கம் மணி இழுபடும்; அதாவது குவியத்தை நோக்கி. கூடவே ஒளி மணியைத் தன் போக்கில் முன்னே தள்ளவும் செய்யும். இழுப்பு தள்ளலை வெல்ல, ஒளி அகன்ற கோணத்தில் வந்து குவிய வேண்டும். என்.ஏ. (ஒளி எவ்வளவு அகன்ற கோணத்தில் குவிகிறது என்பதன் அளவு) 1.2 அல்லது அதற்கு மேற்பட்ட அப்ஜெக்டிவ் கேட்பது இதற்காகத்தான்.

கணக்கு எளிது. திறனை ஒளிவேகத்தால் வகுத்து, நீரின் ஒளிவிலகல் எண் 1.33-ஆல் பெருக்குங்கள். 10 மில்லிவாட்டுக்கு 44 பிகோநியூட்டன் (ஒரு பிகோநியூட்டன் என்பது நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) வரும். அதில் பிடிக்கப் பயன்படுவது பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால் சுமார் 4 பிகோநியூட்டன். செல் உலகில் இது நிஜமான விசை: செல்லுக்குள் சுமை இழுத்துச் செல்லும் கைனசின் என்ற புரத மூலக்கூறு ஒன்றின் விசையும் ஏறக்குறைய இந்த அளவுதான்.

பாகங்கள்

1 முதல் 5 வாட் வரை தரும், 1064 நானோமீட்டர் தொடர் அலை லேசர் போதும். கற்றையின் குறுக்குவெட்டு நடுவில் ஒரே மேடுள்ள வட்டமாக இருக்க வேண்டும். திறனைக் குறைக்க லேசரின் மின்னோட்டத்தைக் குறைக்காதீர்கள். குறைந்த ஓட்டத்தில் பல லேசர்களின் திறன் நிலையாக இருக்காது, கற்றையின் திசையும் சற்று நகரும். மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்துவிட்டு, அரை அலைத் தகடு ஒன்றும் முனைவாக்கப் பிரிப்பான் ஒன்றும் போட்டு, தகட்டைச் சுழற்றித் திறனைக் கூட்டிக் குறையுங்கள். அளவீட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே லேசரைப் போட்டுவிட வேண்டும்.

கற்றை அப்ஜெக்டிவின் பின்துளையை நிரப்ப வேண்டும். பின்துளையின் விட்டம் = 2 × குவியத் தூரம் × என்.ஏ. 200 மில்லிமீட்டர் குழாய் லென்ஸுக்கு வடிவமைத்த 60 மடங்கு, என்.ஏ. 1.2 அப்ஜெக்டிவுக்கு இது 8 மில்லிமீட்டர். உங்கள் கற்றை 1.6 மில்லிமீட்டர் என்றால் ஐந்து மடங்கு விரிக்க வேண்டும்: 50, 250 மில்லிமீட்டர் லென்ஸ்களை 300 மில்லிமீட்டர் இடைவெளியில் வையுங்கள். கற்றை சிறுத்தால் அகன்ற கோண ஒளி கிடைக்காது. மணி பக்கவாட்டில் மாட்டினாலும் மேல்நோக்கி நழுவி ஓடிவிடும். அளவுக்கு மீறி விரித்தால் திறன் வீண்.

எண்ணெய் அப்ஜெக்டிவா, நீர் அப்ஜெக்டிவா? அதாவது, அப்ஜெக்டிவுக்கும் கண்ணாடிக்கும் நடுவே விடும் அமிழ்வு திரவம் எண்ணெயா, நீரா? செல் வேலைக்கு நீர்தான். என்.ஏ. 1.4 எண்ணெய் அப்ஜெக்டிவ் கவர் ஸ்லிப்பை (மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடி) ஒட்டி அருமையாகப் பிடிக்கும். 10 மைக்ரோமீட்டர் உள்ளே போனதும் கோளப் பிறழ்ச்சியால் (ஓரக் கதிர்களும் நடுக் கதிர்களும் ஒரே இடத்தில் குவியாமை) குவியம் நீண்டு பிடி தளரும். நீர் அப்ஜெக்டிவுக்கு என்.ஏ. குறைவாக இருந்தாலும் ஆழம் போகப் போகப் பிடி அப்படியே நிற்கும்.

மாதிரியில் விழும் திறனைத் தெரிந்து வைத்திருங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காகச் செய்த அப்ஜெக்டிவ் 1064-இல் கணிசமான ஒளியை விழுங்கிவிடும். அப்ஜெக்டிவின் முன்னால் பவர் மீட்டரைப் பிடித்து அளப்பதும் தவறு: அகன்ற கோணத்தில் வரும் ஒளி கண்ணாடி-காற்று எல்லையில் திரும்பிப் போவதால் எண் குறைவாக வரும். ஒரே மாதிரியான இரண்டு அப்ஜெக்டிவ்களை எதிரெதிரே, நடுவில் அமிழ்வு திரவத்தோடு, ஒரே குவியத்தில் நிறுத்தி மொத்தக் கடத்தலை அளந்து வர்க்கமூலம் எடுங்கள். மொத்தம் 36 சதவீதம் என்றால் ஒன்றின் கடத்தல் 60 சதவீதம். ஆய்வேட்டில் எழுத வேண்டிய திறன் இந்தக் கணக்கில் வந்ததுதான். லேசர் பெட்டியில் தெரியும் எண் இல்லை.

பாதுகாப்பைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அரை வாட்டைத் தாண்டிய லேசர் 4-ஆம் வகுப்பு. 1064 கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணின் லென்ஸ் அதை விழித்திரையில் குவித்துவிடும். இமைக்கும் அனிச்சையும் வராது. அந்த அலைநீளத்துக்கென்று உள்ள பாதுகாப்புக் கண்ணாடியைப் போடுங்கள், மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள், கற்றை கண்மட்டத்துக்குக் கீழே ஓடட்டும். நுண்ணோக்கியின் ஐபீஸை மூடிவிட்டுக் கேமராவில் மட்டும் பாருங்கள். வடிகட்டி இருக்கிறதே என்ற நம்பிக்கையில் ஐபீஸில் கண் வைக்க வேண்டாம்; யாரோ வடிகட்டியைக் கழற்றி வைத்திருக்கலாம்.

கற்றையை நேர்செய்தல்

இரண்டு ஆடி, இரண்டு ஐரிஸ் (துளையின் அளவைக் கூட்டிக் குறைக்கக்கூடிய தடுப்பு). முதல் ஆடியைத் திருப்பி அருகிலுள்ள ஐரிஸின் நடுவில் கற்றையை நிறுத்துங்கள்; இரண்டாம் ஆடியைத் திருப்பித் தூரத்து ஐரிஸின் நடுவில் நிறுத்துங்கள். ஒன்றைத் தொட்டால் மற்றது கலையும். மாற்றி மாற்றி ஏழெட்டு முறை செய்தால் இரண்டும் நடுவில் வந்துவிடும்.

கடைசிச் சோதனையை மாதிரியிலேயே செய்யுங்கள். நீர் நிரப்பிய அறையை வைத்து, திறனை 1 அல்லது 2 மில்லிவாட்டுக்கு இறக்கி, கேமராவுக்கு முன்னுள்ள அகச்சிவப்பு வடிகட்டியை எடுத்துவிட்டு, கண்ணாடி-நீர் எல்லையில் குவியுங்கள். திரும்பி வரும் ஒளி திரையில் ஒரு புள்ளியாகத் தெரியும். குவியத்தை மேலும் கீழும் நகர்த்தினால் அந்தப் புள்ளியைச் சுற்றி வளையங்கள் விரியும். எல்லாப் பக்கமும் சமமாக விரிந்தால் சரி. ஒரு பக்கம் வால் முளைத்தாற்போல் நீண்டால் கற்றை அப்ஜெக்டிவுக்குள் சாய்ந்து நுழைகிறது. குவியத்துக்கு மேலே ஒரு திசையில் நீள்வட்டம், கீழே அதற்குச் செங்குத்தாக நீள்வட்டம் என்றால் பெரும்பாலும் டைக்ரோயிக் ஆடியை (லேசரைத் திருப்பி, மற்ற ஒளியைக் கடத்தும் ஆடி) அதன் தாங்கியில் அளவுக்கு மீறி முறுக்கி வளைத்திருப்பீர்கள். திருகைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். பல நாள் குழப்பம் அந்தக் கால் சுற்றில் தீர்ந்துவிடும். முடிந்ததும் வடிகட்டியை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

மாதிரி அறையும் மணிகளும்

ஸ்லைடின்மேல் இரண்டு பட்டை இரட்டைப்பக்க டேப், அதன்மேல் 0.17 மில்லிமீட்டர் கவர் ஸ்லிப். டேப் சுமார் 100 மைக்ரோமீட்டர் தடிமன். பட்டைகளுக்கு நடுவே 5 மில்லிமீட்டர் விட்டால் 22 மில்லிமீட்டர் நீளக் கவர் ஸ்லிப்புக்கு அறை கிட்டத்தட்ட 11 மைக்ரோலிட்டர் கொள்ளும். ஓரத்தை நெயில் பாலிஷால் அடைக்காதீர்கள், அதன் கரைப்பான் செல்லைக் கொல்லும். வாஸ்லின், லானோலின், பாரஃபின் மூன்றையும் சம அளவில் உருக்கிப் பூசுவது பத்திரம். ஒட்டி வளரும் செல்லானால் அடியில் கவர் ஸ்லிப் பதித்த வளர்ப்புத் தட்டு வசதி. கரியமில வாயுச் சூழல் இல்லாத மேடையில் ஊடகத்தின் பி.எச். ஏறிக் காரமாகிவிடும்; அதை நிலையாக வைக்க 10 முதல் 25 மில்லிமோலார் ஹெப்பிஸ் பஃபர் சேருங்கள்.

37 டிகிரியில் வேலை என்றால் மேடையை மட்டும் சூடாக்கினால் போதாது. அமிழ்வு நீரின் வழியே அப்ஜெக்டிவ் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அப்ஜெக்டிவுக்கும் தனிக் காலர் ஹீட்டர் வேண்டும்.

1 சதவீதக் கரைசலாக வரும் 1 மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீன் மணியில், மில்லிலிட்டருக்குச் சுமார் 1,800 கோடி மணிகள் இருக்கும். பத்தாயிரத்தில் ஒன்றாக நீர்த்தால் 100 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்துக்கு இரண்டு மணி; இதுவே அளவான நெருக்கம். அதற்கு மேல் போனால் அளந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவது மணி வந்து பிடிக்குள் விழும். கேமராவில் சட்டென்று தெரியாது. விசைப் பதிவு திடீரென்று குதித்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். மணிகள் கண்ணாடியில் ஒட்டாமல் இருக்க 1 சதவீத பி.எஸ்.ஏ. அல்லது கேசீன் புரதக் கரைசலால் அறையைப் பத்து நிமிடம் பூசிக் கழுவுங்கள்.

விறைப்பை அளத்தல்

பிடிபட்ட மணி சுருள்வில்லில் கட்டியதுபோல் நடந்துகொள்ளும்: விசை = விறைப்பு × இடப்பெயர்ச்சி. விறைப்பு தவறினால் பிறகு வரும் எல்லா எண்ணும் தவறும். இந்தப் படியில் செலவழிக்கும் நேரம் ஒருபோதும் வீணாகாது.

மூன்று வழிகள் உண்டு, மூன்றையும் செய்யுங்கள். முதலாவது திறன் நிறமாலை: மணியின் நடுக்கம் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு என்ற வரைபடம். கண்டென்சரின் (மாதிரிக்கு மறுபக்கம் உள்ள லென்ஸ்) பின்குவியத் தளத்தில் நாற்கூறு ஃபோட்டோடயோடு (ஒளி நகர்வதைக் காட்டும் நான்கு பகுதி உணரி) வைத்து, மணியின் நடுக்கத்தை நொடிக்கு 50,000 முறை, பத்து நொடி பதிவு செய்யுங்கள். ஒரு நொடித் துண்டுகளாக்கி நிறமாலை எடுத்துச் சராசரி காணுங்கள். தாழ்ந்த அதிர்வெண்ணில் சமதளமாக ஓடி, ஓர் இடத்தில் மடிந்து கீழே இறங்கும். அந்த மடிப்பு மூலை அதிர்வெண். விறைப்பு = 2 × பை × இழுவைக் கெழு × மூலை அதிர்வெண். இழுவைக் கெழு என்பது நகரும் மணியை நீர் எவ்வளவு தடுக்கிறது என்பது; அது நீரின் பாகுநிலையைப் பொறுத்தது. 1 மைக்ரோமீட்டர் மணி, 25 டிகிரி நீர், விறைப்பு நானோமீட்டருக்கு 0.05 பிகோநியூட்டன் என்றால் மூலை 950 ஹெர்ட்ஸ் அருகே வரும். சாதாரண சிலிக்கான் டயோடு 1064 ஒளியை அரைகுறையாகவே உறிஞ்சுவதால் வேகமான நடுக்கத்தை மழுக்கிவிடும். மூலை உண்மையைவிடத் தாழ்ந்து தெரியும். அந்த அலைநீளத்துக்கு உரிய டயோடு வாங்குங்கள், அல்லது கண்டறிய மட்டும் 850 நானோமீட்டர் அருகே பலம் குறைந்த இரண்டாவது லேசரைச் சேருங்கள்.

இரண்டாவது வழி சமபங்கு. வெப்ப ஆற்றலை (25 டிகிரியில் 4.1 பிகோநியூட்டன்-நானோமீட்டர்) இடப்பெயர்ச்சியின் மாறுபாட்டால் (விலகல் வர்க்கங்களின் சராசரி) வகுத்தால் விறைப்பு. மேலே சொன்ன மணி சராசரியாக 9 நானோமீட்டர் நடுங்கும். இதில் பாகுநிலை தேவையில்லை. ஆனால் மேசை அதிர்ந்தால் அதுவும் நடுக்கத்தில் சேர்ந்து, விறைப்பு குறைவாக வரும். நொடிக்கு 100 படம் எடுக்கும் கேமராவில் நேர்மாறாக நடக்கும்: ஒரு படத்துக்குள்ளேயே மணி ஓடிவந்துவிடுவதால் நடுக்கம் மங்கி, விறைப்பு பொய்யாகக் கூடும்.

மூன்றாவது, மேடையைத் தெரிந்த வேகத்தில் நகர்த்துவது. நொடிக்கு 100 மைக்ரோமீட்டர் வேகத்தில் இந்த மணியின்மேல் 0.84 பிகோநியூட்டன் இழுவை விழும். மணி 17 நானோமீட்டர் விலக வேண்டும்.

மூன்றும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போகாவிட்டால் செல்லைத் தொடவே வேண்டாம். பிழை பெரும்பாலும் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று வெப்பநிலை: நீரின் பாகுநிலை 20 டிகிரியில் 1.00, 25-இல் 0.89, 37-இல் 0.69 மில்லிபாஸ்கல்-நொடி. 37-இல் வேலை செய்துகொண்டு 20-இன் எண்ணைப் போட்டால் 45 சதவீதம் தவறு. மற்றொன்று கண்ணாடிச் சுவர்: மணியின் மையம் சுவரிலிருந்து 5 மைக்ரோமீட்டரில் இருந்தால் இழுவை 6 சதவீதம் கூடும், 1 மைக்ரோமீட்டரில் இருந்தால் கிட்டத்தட்ட 39 சதவீதம். உயரத்தை அளந்து திருத்தம் போடுங்கள்.

நீரில் அளந்த விறைப்பைச் செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துகளுக்குப் போடுவது கூடாது. உள்ளே பாகுநிலையும் வேறு, மீள்தன்மையும் உண்டு, ஒளிவிலகல் எண்ணும் வேறு. அங்கே மேடையைத் தெரிந்த அதிர்வெண்களில் ஆட்டி, துகளின் பதிலையும் அதன் தானான நடுக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடும் முறைதான் செல்லுபடியாகும்.

செல்லைக் காப்பாற்றுதல்

செல்லைக் கெடுப்பது வெப்பம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 1064-இல் பிடித்த பாலூட்டிச் செல்லில் 100 மில்லிவாட்டுக்கு 1 டிகிரியை ஒட்டித்தான் சூடேறுகிறது. பெரிய எதிரி ஒளிவேதியியல்: ஒளியும் ஆக்சிஜனும் சேர்ந்து உண்டாக்கும் வினைத்திறன் மிக்க மூலக்கூறுகள். எ.கோலி பாக்டீரியாவில் 1999-இல் செய்த அளவீட்டில் 830, 970 நானோமீட்டரில் சேதம் மிகக் குறைவாகவும் 870, 930-இல் மிக அதிகமாகவும் இருந்தது. ஆக்சிஜனை நீக்கியதும் சேதம் பெருமளவு அடங்கியது. குளுக்கோஸ் ஆக்சிடேஸும் கேட்டலேஸும் சேர்த்து ஆக்சிஜனைக் குறைக்கலாம். அதன் விளைபொருள் அமிலம் என்பதால் பஃபர் வலுவாக இருக்க வேண்டும். காற்று இன்றி வாழாத செல்லுக்கு இந்த வழியே ஆகாது.

எங்கள் தேர்வு எப்போதும் இதுதான்: செல்லின்மேல் நேராக லேசரை வைக்காமல், செல்லில் ஒட்டிய மணியைப் பிடியுங்கள். குவியம் செல்லைவிட்டுச் சில மைக்ரோமீட்டர் தள்ளியிருந்தாலே ஒளிச் செறிவு வெகுவாக விழுந்துவிடும். நேராகப் பிடித்தே ஆக வேண்டுமென்றால் திறனோடு நேரத்தையும் குறித்து வையுங்கள். சிவப்பணுவை ஒற்றைப் பிடியில் பிடித்தால் தட்டு செங்குத்தாக நிமிர்ந்துகொள்ளும்; அது இயல்பு, செல் கெட்டதற்கு அடையாளம் இல்லை.

உயிரோடு இருக்கிறதா என்பதற்கு ட்ரிப்பான் நீலச் சாயம் மிகத் தாமதமான சாட்சி. சவ்வு கிழிந்த பிறகே அது உள்ளே போகும். பாக்டீரியாவைப் பிடியிலிருந்து விடுவித்து, அது நீந்தும் வேகத்தைப் பாருங்கள். ஈஸ்ட்டைப் பிடித்து விட்டபின் அடுத்த மொட்டு எப்போது வருகிறது என்று பக்கத்துச் செல்லோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு நாளும் மூன்று தொகுதி வேண்டும்: தொடாத செல், லேசர் மட்டும் பட்ட செல், முழுச் சோதனைக்கு உள்ளான செல்.

ஒரு முழு அளவீடு: சவ்விழை இழுத்தல்

செல் சவ்வில் ஒரு மணியை ஒட்டி இழுத்தால் மெல்லிய குழாய்போல் சவ்வு நீண்டு வரும். அதை இழுத்துப் பிடிக்க வேண்டிய விசையிலிருந்து சவ்வின் இழுவிசை தெரியும்.

கார்பாக்சில் மணியில் செல் சவ்விலுள்ள சர்க்கரைகளைப் பற்றும் கன்கனாவலின்-ஏ புரதத்தை ஈ.டி.சி. என்ற பிணைப்பு வேதிப்பொருளின் வினையால் பிணையுங்கள், மிச்ச இடங்களைக் கிளைசினால் அடையுங்கள், 5,000 ஜி வேகத்தில் ஐந்து நிமிடம் சுழற்றி மூன்று முறை கழுவுங்கள். பயன்படுத்தும் முன் ஒரு நிமிடம் மீயொலித் தொட்டியில் வைத்தால் கட்டிகள் பிரியும். இந்தப் புரதத்துக்குக் கால்சியமும் மாங்கனீசும் வேண்டும், பஃபரில் அவற்றைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. இருந்தால் மணி ஒட்டாது, காரணம் தெரியாமல் ஒரு வாரம் போகும்.

விறைப்பை 0.05-இல் விடாதீர்கள். சவ்விழைக்கு 10 முதல் 50 பிகோநியூட்டன் வரை வரும். 20 பிகோநியூட்டனுக்கே மணி 400 நானோமீட்டர் விலக வேண்டியிருக்கும். 1 மைக்ரோமீட்டர் மணியின் பிடி நேர்கோட்டில் நடப்பது 150 நானோமீட்டர் வரைதான். திறனைக் கூட்டி 0.2-க்குக் கொண்டுவந்தால் 100 நானோமீட்டரில் முடியும். 30 பிகோநியூட்டனைத் தாண்டும் செல்லென்றால் இன்னும் கூட்டுங்கள்.

செல்லின் பக்கவாட்டில், கண்ணாடிக்கு 2 அல்லது 3 மைக்ரோமீட்டர் மேலே, மணியை 5 பிகோநியூட்டனுக்குள் அழுத்தி இரண்டு முதல் பத்து நொடி வையுங்கள். அதிக நேரம் வைத்தால் 37 டிகிரியில் செல் மணியை விழுங்கத் தொடங்கும். பிறகு மேடையை நொடிக்கு 1 மைக்ரோமீட்டர் நகர்த்துங்கள். விசை ஏறி, உச்சம் தொட்டு, சட்டென்று இறங்கி, சமமாக ஓடும். அந்தச் சமதளம்தான் உங்களுக்கு வேண்டிய எண். இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் மணி செல்லின் எலும்புக்கூட்டில் (செல்லைத் தாங்கும் புரத இழைகளின் வலை) சிக்கியிருக்கிறது, விட்டுவிடுங்கள். சமதளம் இரு மடங்காக இருந்தால் இரண்டு இழைகள் வந்திருக்கின்றன. சந்தேகம் வந்தால் லேசரை மறையுங்கள்: மணி நேர்கோட்டில் செல்லை நோக்கிச் சுண்டி ஓடினால் இழை உண்மை.

செல்லின் விளிம்பு கற்றைக்குள் வந்தால் டயோடு பொய் சொல்லும். இழையை 10 மைக்ரோமீட்டர் நீட்டிய பிறகே சமதளத்தைப் படியுங்கள். இழை அறுந்தபின் அதே மணியை அதே பாதையில் வெறுமனே ஓட்டி, வரும் போலி விசையைக் கழியுங்கள்.

20 பிகோநியூட்டன் சமதளத்துக்குக் கணக்கு இப்படி: சவ்வின் வளைவு விறைப்பு (சவ்வு வளைவதை எதிர்க்கும் அளவு) 270 பிகோநியூட்டன்-நானோமீட்டர் என்று எடுத்தால், இழுவிசை = விசையின் வர்க்கம் ÷ (8 × பை வர்க்கம் × வளைவு விறைப்பு) = நானோமீட்டருக்கு 0.019 பிகோநியூட்டன். இழையின் ஆரம் சுமார் 85 நானோமீட்டர். இது தோற்ற இழுவிசை. சவ்வு எலும்புக்கூட்டில் ஒட்டியிருக்கும் பிணைப்பும் இதற்குள் இருக்கிறது. பிரித்தறிய, எலும்புக்கூட்டின் ஆக்டின் இழைகளைக் குலைக்கும் லாட்ரங்குலின் கொடுத்த செல்களிலும் அளந்து வித்தியாசத்தைக் காட்டுங்கள்.

ஒவ்வொரு செல்லுக்கும் முன்னும் பின்னும் அந்த மணியிலேயே, அந்த உயரத்திலேயே விறைப்பை அளந்து எழுதுங்கள். இரண்டும் பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் நடுவில் ஏதோ மாறியிருக்கிறது: மணியில் குப்பை ஒட்டியிருக்கலாம், மேடை சூடேறிக் குவியம் நகர்ந்திருக்கலாம், அமிழ்வு நீர் ஆவியாகியிருக்கலாம். அந்தச் செல்லின் பதிவை நீக்கிவிட்டு, நீரை மாற்றி, புது மணியோடு அடுத்த செல்லுக்குப் போங்கள்.